அக்காவின் வாரத்தில் உடைந்த ஸ்டீரிங்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, அக்காவின் தோளில் தொங்கிய லாரி ஸ்டீரிங். பள்ளிக்கூடப் பையை மாட்டுவதுபோல வலது கையை உள்ளே நுழைத்துத் தோளில் போட்டிருந்தாள். நடக்க நடக்க அதன் அடிப்பாகம் அவள் தொடையில் இடித்தது. கறுப்பு ஓடு ஐந்து இடத்தில் வெடித்திருந்தது. அதில் ஓர் இடத்தில் ஓடே இல்லை. உள்ளே இருந்த இரும்பு வளையம் செங்கல் நிறத்தில் தெரிந்தது.

"எதுக்குக்கா இத்தத் தூக்கிக்கினு நிக்கிற?"

"வண்டியிலயே உட்டா ஒடைஞ்சத வச்சே மாமா ஓட்டிக்கினு பூடுவாரு. இப்ப எப்டி ஓட்டுவாரு, வாயாலயா?"

மாமா என்று அவள் சொன்னது தன் கணவரின் அண்ணனை. நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். லாரியில் பாதி அவருடையது, பாதி அக்காவினுடையது.

அது மூக்கு வைத்த பழைய லாரி. எங்கள் ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு அதன் சத்தம் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. மீஞ்சூர் பக்கமிருந்து ஐஸ் ஏற்றி வருவதும், இறாலும் நண்டும் ஏற்றிப் போவதும் அதன் வேலை. இரண்டு பேருக்கு ஒரு வண்டி என்பதால் ஏரியில் உள்ள வழக்கத்தையே அதற்கும் வைத்துக்கொண்டார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை பிரிப்பதற்குப் பாடு என்று பெயர். லாரிக்கும் அப்படியே. ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கைமாறும். யார் வாரத்தில் எது உடைகிறதோ, அவர்தான் அதைச் சரிசெய்து ஓடுகிற நிலையில் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பொது வலை கிழிந்தாலும் அதுதான் வழக்கம். ஏரியில் பாடு ஆண்களுக்கு மட்டும். தம்பி, அதாவது அக்காவின் கணவர், இறந்தபோது அவருடைய ஏரி முறை ஊருக்குத் திரும்பிவிட்டது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி முறையும் அப்படியே போகட்டும் என்று பதினாறாம் நாள் காரியத்தன்று பேச்சு எழுந்தபோது மட்டும் எழுந்து நின்றாள். "ஏரி ஊருது. லாரி என் புருசன் வாங்கினது" என்றாள். ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கினாள். பஞ்சாயத்துக்காரர்கள் யோசித்து, ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஒருமுறை ஓடாத வண்டியைக் கொடுத்தாலும் அவள் முறை முடிந்தது. தன் பாதிக்கு விலை பேசிப் பணத்தை வாங்கிக்கொண்டு அவள் விலகிவிட வேண்டும்.

ஏரிப் பாடு பற்றி நான் வேலை செய்யும் செய்தித்தாளில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அதில் பெண்கள் ஏன் இல்லை என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

ஸ்டீரிங் உடைந்தது திங்கட்கிழமை மாலை, அக்காவின் வாரத்தில். அனுப்பம்பட்டு ரயில்வே கேட்டுக்கு முன்னால் வளைவில் திருப்பும்போது ஓடு கையோடு வந்துவிட்டது, நடுக்குமிழை வளையத்தோடு இணைக்கும் மூன்று கம்பிகளில் ஒன்று அடியில் விட்டுப்போனது. வண்டியை ஓரம் கட்டி, ஐஸைக் குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து அதில் அனுப்பிவிட்டு, நட்டைக் கழற்றி ஸ்டீரிங்கை உருவிக்கொண்டாள். உருவுவதற்கு முன் தண்டிலும் நடுக்குமிழிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டாள், திரும்ப மாட்டும்போது நேராக உட்கார. பிறகு எனக்குப் போன் செய்து, "நாலு நாள் லீவு போடு. கூடக் கையி வேணும்" என்றாள்.

வேறு ஸ்டீரிங் வாங்கிவிடலாமே என்று நானும் கேட்டேன். புதுப்பேட்டையில் இரண்டு வருடத்துக்கு முன்பே தேடியிருக்கிறாள். கிடைத்த ஒன்று இதைவிட மோசம். புதியவற்றின் பல் இந்தத் தண்டில் உட்காராது. தண்டோடு மாற்றுவதென்றால் அடியில் உள்ள ஸ்டீரிங் பெட்டி வரை மாற்ற வேண்டும், அது ஒரு மாத வேலை. எங்களிடம் இருந்தது ஞாயிறு காலை ஆறு மணி வரை.

பொன்னேரியில் வெல்டிங் பட்டறை திறக்கும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தோம். பட்டறைக்காரர் ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாத்தா காலத்து சாமான்மா இது. உட்டுடு."

"உங்கிட்ட வயசா கேட்டேன்? கம்பி ஒட்டுமா ஒட்டாதா?"

"ஒட்டும். சூடு பட்டா இந்த ஓடு உருகிடும்."

"எங்க ஒட்டணுமோ அங்க மட்டும் ஓட்ட ஒடைச்சிரு."

அவர் உடைத்தார். உள்ளே இருந்த இரும்பைச் சுரண்டிக் காட்டினார். துரு ஏறிய இரும்பு ஊதிப் பெருத்து கறுப்பு ஓட்டை உள்ளிருந்தே வெடிக்க வைத்திருந்தது. வெடிப்புகளுக்குள் வெள்ளையாக எதுவோ படிந்திருந்தது. அக்கா நகத்தால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள்.

அது எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். கரைக்கு வந்ததும் ஈர வலையைக் கண்ணில் படுகிற எதன் மேலாவது போட்டுவிடுவது பழக்கம். கயிறு, சைக்கிள், கோயில் கம்பி வேலி. லாரியில் அது ஸ்டீரிங். அண்ணனும் போட்டார், தம்பியும் போட்டார். விட்டுப்போன கம்பியை ஒட்டி, மற்ற இரண்டையும் அடியில் பலப்படுத்திக் கொடுத்தார் பட்டறைக்காரர். இரும்பு முழுதாகிவிட்டது. இனி ஓடு.

ஊரில் பைபர் படகுகளின் விரிசலை ஒட்டித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். அக்காவின் கணவருக்குத் தம்பி முறை, அதனால் அவளை அண்ணி என்பார். ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட திறந்த இடம்தான் அவர் பட்டறை. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே போனபோது ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றை விரல் முட்டியால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணி, படகுக்குச் சக்கரம் வைக்கப் போறியா?"

"பேசாம ஒட்டிக் குடு."

"ஒரு நாளைக்கு ஆறு வாட்டி உன் மாமாவத் தாண்டிக்கினு வரணும் இந்த ஊருல. எம்பொழப்பும் பாக்கணும் இல்ல?"

"அப்ப முடியாதுனு சொல்லு. நானே ஒட்டிக்கிறேன். ரெசின் மட்டும் குடு."

அவர் சிரித்துக்கொண்டே கை நீட்டி ஸ்டீரிங்கை வாங்கிக்கொண்டார்.

வேலை இப்படி. முதலில் வெடிப்புகளை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி உப்பை எடுத்தோம். நாள் ஏறும் வரை வெயிலில் காய வைத்தோம். பிறகு ஆக்ஸா பிளேடால் ஒவ்வொரு வெடிப்பையும் அகலப்படுத்தினோம், உள்ளே ரெசின் பசை பிடிக்க இடம் வேண்டும் என்பதற்காக. ஓடு இல்லாத இடத்தில் வெறும் ரெசின் நிற்காது, உள்ளே நரம்பு மாதிரி ஏதாவது வேண்டும் என்றார் அவர். படகுக்கென்றால் மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பை வெட்டி ஒட்டுவார். விரல் தடிமன் உள்ள வளையத்தில் மேட் சுருண்டு சுருண்டு எழுந்தது. வலை நூலை நெருக்கமாகச் சுற்றி அதன் மேல் ரெசின் பூசலாம் என்று முடிவானது. இந்த யோசனை அக்காவுடையது.

நூல் சுற்றுவதில் அவள் கையை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது, இடைவெளியும் விடாது. அன்றும் அப்படித்தான் சுற்றினாள். ஒவ்வொரு முழத்துக்கும் ஒருமுறை பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் நூலை நனைத்து இறுக்கினாள். பைபர்காரர் ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்டனரை ஊற்றிக் கலக்கிப் பிரஷ்ஷால் பூசினார். பதினொரு மணிக்கு முடிந்தது. படகுக்கு அரை மணியில் கல்லாகிவிடும் என்றார்.

மதியம் இரண்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன். விரல் ஒட்டியது. நான்கு மணிக்கும் ஒட்டியது. மேல்பூச்சு மோர் ஊற்றியது போல வெளுத்திருந்தது. வியாழக்கிழமை காலையில் நகத்தால் நெம்பியதும் நூலோடு சேர்ந்து தோல் உரிவது போல வந்துவிட்டது.

"ரெசின் கலீஜ் ஆயிடுச்சா?" என்றாள் அக்கா.

"அதே டின்னுலதான் நேத்து படகு ஒட்டினேன். அது கல்லு மாதிரி கீது."

மூன்று பேரும் அந்த உரிந்த நூலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்தான் முதலில் வாளியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வலையில் எந்த முடிச்சையும் நனைத்துத்தான் இறுக்குவோம். காய்ந்த முடிச்சு நழுவும். நடக்கத் தொடங்கியதிலிருந்து கை அறிந்த விஷயம் அது. ரெசினுக்கோ ஒரு சொட்டு ஈரம் ஆகாது. அக்கா நனைத்தாள். வாளியை அவள் பக்கம் தள்ளி வைத்தவர், இருபது வருடமாக ரெசினில் கை வைக்கும் அவர். பிறர் எழுதியதில் தப்புத் தேடியே சம்பளம் வாங்குகிற நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் வலைக்கார வீட்டில் பிறந்தவர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் போனது. ஒட்டியும் ஒட்டாமலும் இருந்ததை எல்லாம் சுரண்டி எடுக்க இன்னும் ஒரு நாள் தேவை. அரத்தை எடுத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அக்கா அவர் முகம் பார்த்துப் பேச மாட்டாள். கணவரின் அண்ணனிடம் நேராகப் பேசுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. கல்யாணம் ஆகிப் பதினான்கு வருடத்தில் அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் யாராவது ஒருவர் வழியாகத்தான். அன்று அந்த ஒருவர் நான்.

"இன்னாம்மா பேப்பர்காரம்மா, லீவு போட்டுட்டு வந்து ஸ்டீரிங்கு கழுவுறியா? உங்க அக்காவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? அது பேரீச்சம்பழத்துக்குப் போடற வண்டி."

அக்கா அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்தப் பழத்துக்குனு கேளுடி" என்றாள்.

"ரோட்டு மேல ஓட்டல் கட்றான் ஒருத்தன். வாசல்ல நிக்க வைக்கக் கேக்கறான். பெயின்ட் அடிச்சி, சீரியல் லைட்டு போட்டு, ஷோக்கா வச்சிக்கிறேன்றான். ஸ்டீரிங்கு கூட வாணாமாம். ஜனம் பக்கத்துல நின்னு போட்டா புடிப்பாங்க. கவுரவமா நிக்கும்."

"நிக்கறதுக்கு வண்டி எதுக்காம்? செவுரு ஒண்ணு வாங்கி நிக்க வைக்கச் சொல்லு."

பைபர்காரர் படகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். சிரிப்பதற்காகத்தான் போனார் என்று தெரிந்தது.

மாமாவின் குரல் ஏறியது. "எங்க கையில எத்தினி வருசம் ஓடிச்சி. ஒரு கீறல் இல்ல. பொம்பள கைக்குப் போச்சி, ஒடைஞ்சி போச்சி. இத நான் சொல்லல, ஊரு சொல்லுது."

அக்கா அரத்தைக் கீழே வைத்தாள். கால் பக்கம் கிடந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். "உள்பக்கம் நக்கிப் பாக்கச் சொல்லு. உப்பு. வலையத் தூக்கி இது மேல போட்டது யாருனு கேளு. என் வூட்டுக்காரரும் போட்டாரு, நான் மறைக்கல. நான் ஒருத்திதான் போடல."

துண்டை நான் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஆறு மணி" என்று என்னிடம் சொன்னார். "ஆறு அஞ்சுக்குக் கிரேன் வரும். நெனப்புல வச்சிக்கச் சொல்லு."

"கிரேனுக்கு ஊருக்குள்ள வழி எதுனு கேட்டுட்டு வரச் சொல்லு. முட்டுச் சந்துல பூந்துறப் போவுது."

அவர் போன பிறகு அக்கா மறுபடி அரத்தை எடுத்தாள். இருட்டும் வரை ராவினாள். இரவு சாப்பிடும்போது அவள் வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்ததைப் பார்த்தேன். இடது கையால் பிசைந்து சாப்பிட முயன்று, பிறகு திட்டிக்கொண்டே வலது கைக்கு மாறினாள்.

வெள்ளிக்கிழமை காலை பைபர்காரர் முதல் வேலையாக வாளித் தண்ணீரைக் கொட்டி, வாளியைப் படகுக்கடியில் கவிழ்த்து வைத்தார். புது நூலைத் தகரத்தின் மேல் வெயிலில் பரப்பி, கை சுடும் அளவுக்குக் காய வைத்தோம். அக்கா கையில் வியர்வை நிற்காமல் இருக்க முகப் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டாள். கடல்காற்று மதியத்துக்கு மேல் ஈரத்தோடு வரும். அதற்குள் முடித்தாக வேண்டும். டின்னில் மிச்சமிருந்த ரெசின் இன்னொரு தப்புக்குப் போதாது.

ஒன்பதரைக்குச் சுற்ற ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்றில் நூலின் நுனி பிரிந்தது. யோசிக்காமல் நாக்குக்குக் கொண்டு போனாள்.

"அண்ணி! வாய மூடு!"

அந்த அதட்டலில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வாயைத் திறந்தபடியே அவரைப் பார்த்தாள்.

"மெய்யாலுமே ரொம்ப நாளா இத உங்கிட்ட சொல்லணும்னு ஆசை" என்றார் அவர். "இன்னிக்குத்தான் காரணம் கெடைச்சிது."

அவள் கையிலிருந்த பவுடரை அவர் முகத்தில் ஊதினாள். பிறகு நுனியைக் கத்தரியால் வெட்டிவிட்டுத் தொடர்ந்தாள். கொப்புளம் உடைந்த கை நூலில் படாமல் இருக்க விரல் நுனிகளால் மட்டுமே சுற்றினாள். நேரம் பிடித்தது. ஸ்டீரிங்கை மடியில் வைத்துத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. பதினொன்றே காலுக்கு ரெசின் ஏறியது. பதினொன்று ஐம்பதுக்கு அவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் தட்டச் சொன்னார். விரல் வலித்தது.

சனிக்கிழமை காலை முழுவதும் அரமும் உப்புத்தாளும். ஓடும் ஒட்டும் சேரும் இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, விரல் தடுக்குகிற இடத்தில் மறுபடி தேய்த்தாள். பெயின்ட் காய ஒரு நாள் ஆகும். அது எங்களிடம் இல்லை. கறுப்பு ஓட்டுக்கு நடுவே ஒட்டுப்போட்ட ஐந்து இடங்களும் வெல்லப்பாகு நிறத்தில் அப்படியே இருந்தன.

மூன்று மணிக்கு அனுப்பம்பட்டில் வண்டிக்குள் ஏறினோம். உளிக்கோடு நேருக்கு நேர் வந்தது. நட்டை இறுக்கும்போது மட்டும் என்னையும் சேர்ந்து தொங்கச் சொன்னாள். வண்டியைக் கிளப்பி, அந்த வளைவிலேயே மூன்று முறை முழு ஒடிப்பு ஒடித்துப் பார்த்தாள், பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனைக் கையெடுக்காமல் அழுத்தியும். பொன்னேரி தாண்டிய பிறகு, "அழுத்திப் புடிக்கத் தேவையே இல்லடி" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு மாமா வந்தார். கூடப் பஞ்சாயத்துக்காரர் இருவர். கிரேன் வரவில்லை. லாரி வீட்டு முன்னால் ஏரியைப் பார்த்து நின்றது. மாமா ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கின் ஒட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினார். இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். அது வரவில்லை. வண்டியை நிற்க வைத்தே, உருளாத டயரோடு, இடமும் வலமும் கடைசி வரை ஒடித்தார். வண்டி நிற்கும்போது ஒடிப்பதுதான் ஸ்டீரிங்குக்கு அதிகபட்ச பாரம். அது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவள் வீட்டுக் கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வட்டமாவே இல்ல" என்றார் இறங்கி. "வெல்டிங்காரன் ஒட்டினான், பைபர்காரன் பூசினான். இவ இன்னா பண்ணா?"

பஞ்சாயத்துக்காரர்களில் வயதானவர் கேட்டார். "வண்டி ஓடுதா நைனா?"

"ஓடுது. ஆனா..."

"ஓடுதுனா எடுத்துக்கினு போ. ஐஸு கரையுது அங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உங்க அக்காகிட்ட சொல்லு. இன்னொரு வாட்டி..."

"மாமா" என்றாள் அக்கா.

அவர் வார்த்தையைப் பாதியில் விட்டார். பஞ்சாயத்துக்காரர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா படியிறங்கி வந்து அவர் முகத்தைப் பார்த்தபடி சாவியை நீட்டினாள். கையில் கட்டுத்துணி சுற்றியிருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எனக்கு. ஆறு மணிக்கு வாசல்ல நிக்கணும். ஸ்டீரிங்கு மேல வலை போடாதீங்க."

அவர் சாவியை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நான் அன்று மாலை ரயிலில் சென்னைக்குத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். லாரி ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வந்து நின்றதாகச் சொன்னாள். டீசல் முள் அடியில் இருந்ததாம், டேங்கைக் காலி செய்துதான் கொடுத்திருந்தார் மாமா.